மரகதம் அக்காவுக்காகக் கடையை மூடாதீர்கள்

மரகதம் அக்கா இறந்துபோன செய்தி என்னிடம் ஒரு சுருட்டிய சார்ட் பேப்பரோடு வந்தது. தேர்வுக்கு முந்தைய விடுமுறை. மதியத்தில் ஒருநாளும் மேலே வராத அப்பா, கடையிலிருந்து படியேறி வந்து பேப்பரைத் தரையில் விரித்தார். அது மறுபடி சுருண்டுகொள்ளாமல் மூலைகளில் எவர்சில்வர் டம்ளர்களை வைத்தார்.

"ஏட்டி, அந்தக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவ எடு. மேட்சிங் அக்கா போயிட்டாவ. நல்லா பெருசா எழுது."

எங்கே போய்விட்டார் என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "எப்பப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

"காலைல கடையத் தொறந்து ஒக்காந்தவுக நெஞ்சப் பிடிச்சிட்டு அப்பிடியே சாஞ்சிட்டாவ. ஆட்டோவுல ஏத்துனோம். ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிட்டு. நீ எழுது மொதல்ல. பசையெல்லாம் கலக்கி வச்சிருக்கு."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நமது தெருவின் மூத்த வியாபாரி திருமதி மரகதம் அவர்களின் மறைவையொட்டி இன்று அனைத்துக் கடைகளும் அடைக்கப்படும். இப்படிக்கு, கிணற்றடித் தெரு வியாபாரிகள் சங்கம். அப்பா சங்கத்தின் செயலாளர். என் எழுத்து அழகாக இருக்கும் என்று சங்கத்தின் அறிவிப்புகளை எல்லாம் நான்தான் எழுதுவேன். ஒன்றை முடித்ததும் அப்பா அடுத்த தாளை விரித்தார். அழுவதற்கு இடைவெளி கிடைக்கவில்லை. அடைக்கப்படும், அடைக்கப்படும் என்று கை எழுதிக்கொண்டே இருந்தது.

இதை அக்காவை அறிந்த உங்களுக்காக எழுதுகிறேன். பதினாறாம் நாள் படத்திறப்பில் கொடுக்கப்போகும் நினைவு மலருக்கு யார் வேண்டுமானாலும் ஒரு பக்கம் எழுதித் தரலாம், கையால் எழுதியதை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்துவிடலாம் என்று வாட்ச் கடை கரீம் பாய் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் பிளஸ் ஒன் படிக்கும் பெண். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் கையெழுத்து தெருவின் எல்லா ஷட்டரிலும் ஒட்டியிருப்பதால், யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று எழுத்துகளை இடப்பக்கமாகச் சாய்த்து எழுதுகிறேன். படிக்கச் சிரமமாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். அப்பா இருமினால் விளக்கை அணைத்துவிடுகிறேன். அதனால் சில இடங்களில் வரி கோணலாகவும் இருக்கும்.

தெரு முன்பு எப்படி இருந்தது என்று புதிதாகக் கடை போட்டவர்களுக்குத் தெரியாது. மாம்பலம் ரயில் நிலையத்தின் படிகளில் இறங்கும் கூட்டம் முழுவதும் பெரிய கடைத்தெருவுக்குள் போய்விடும். அங்கே மாடி மேல் மாடியாகத் துணிக்கடைகள், கண்ணாடிக் கதவுகள், வாசலில் வணக்கம் சொல்ல ஆட்கள். ஒரு சந்து தள்ளியிருக்கும் நம் தெருவுக்கு யாரும் வரவில்லை. மூடிப்போன ஒரு ஜவுளிக்கடையில் ஒயின் ஷாப் வந்தது. அதன் பின்கட்டில் பார் வந்தது. ரயிலடிப் பக்கம் தெரு தொடங்கும் இடத்திலேயே அது இருந்தது. பயந்துபோய் நம் கடைக்காரர்கள் ஆறரை மணிக்கே ஷட்டரை இறக்கினார்கள். ஷட்டர் இறங்கியதால் தெரு இருண்டது. இருண்டதால் கடைப் படிகளில் ஆட்கள் குடித்துவிட்டு விழுந்தார்கள். அவர்கள் விழுந்து கிடந்ததால் மறுநாள் ஷட்டர் இன்னும் சீக்கிரம் இறங்கியது. அலுவலகம் முடிந்து ரயிலில் வரும் பெண்கள் பெரிய தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் வீடு அப்பாவின் பாத்திரக்கடைக்கு மேலேயே, தெருவின் நடுவில். மேற்கு மாம்பலத்தில் டியூஷன் முடிந்து மேம்பாலம் ஏறி இறங்கி வரும் எனக்குச் சுற்றிப் போகவும் வழியில்லை. மறுமுனை இன்னும் இருட்டு.

மரகதம் அக்காவை நான் முதலில் சரியாகப் பார்த்தது ஒரு சங்கக் கூட்டத்தில். எங்கள் கடையின் கிடங்கில், கவிழ்த்துப் போட்ட அண்டாக்கள் மேல் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் தேநீர் கொண்டுபோனேன். வந்திருந்த ஒரே பெண் அக்கா. அவருடைய மேட்சிங் சென்டர் உங்களுக்கெல்லாம் தெரியும். ரவிக்கைத் துணி, லைனிங், சேலை ஓரத்துக்கு ஃபால்ஸ், நூல், ஊக்கு. நடுவில் நின்று கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரையும் தொடலாம். கடைதான் சிறியது, குரல் அல்ல.

பாரை அகற்றச் சொல்லி இன்னொரு மனு கொடுக்கலாம் என்று அப்பா பேசிக்கொண்டிருந்தார். முன்பு கொடுத்த மனுக்கள் என்ன ஆயின என்று யாரும் கேட்கவில்லை.

"மனு குடுத்துக்கினே இரு நைனா," என்றார் அக்கா. "பார்க்காரன் பத்து மணிக்குச் சாத்துறான். நீ ஆறரைக்குச் சாத்துறே. அப்போ தெரு யாருது? சொல்லு."

அப்பாவுக்குக் கோபம் வந்தது. "யாவாரமே இல்லாம வெளக்க எரிச்சா கரண்ட் பில்ல யாரு கட்டுவா?"

"உன் குடத்த இருட்டுல எவனாச்சும் தூக்கினு போனா யாரு கட்டுவா? வெளக்கு எரிஞ்சா கொடமாச்சும் மிஞ்சும்."

"என் கடைல குடமே இல்லியே அக்கா?" என்றார் கரீம் பாய்.

"உன் கடைல இன்னா கீது? ஓடாத வாட்சு. அத தூக்கினு போறவன் மறுநாளே திருப்பிக் குடுத்துருவான்."

கரீம் பாய்க்குத் தேநீர் புரையேறியது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா சொல்லி முடித்துவிட்டார். தினமும் ஒரு கடைக்கு முறை. மற்றவர்கள் எப்போது வேண்டுமானாலும் மூடிக்கொள்ளலாம். முறை வந்த கடை மட்டும், கடைசிக் கூட்டம் ரயிலிலிருந்து இறங்கித் தெருவைக் கடந்து போகும்வரை ஷட்டரை இறக்கக் கூடாது. வாசலில் டியூப் லைட் எரிய வேண்டும். விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஒரு ஆள் கல்லாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு வாரம் பார்க்கலாம் என்று முனகிக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள். அக்கா மட்டும் யாருடைய முறையாக இருந்தாலும் தன் கடையையும் திறந்தே வைத்திருந்தார். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை செய்யும் அவர் கணவர் சைக்கிளில் வந்து, அக்கா கணக்கை முடிக்கும்வரை படியில் உட்கார்ந்து காத்திருப்பார்.

பகலில் அவர் செய்த வேலை வேறு. மேட்சிங் கடையில் டியூப் லைட் வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். உள்ளே மயில் கழுத்து நிறமாகத் தெரிவது வெளியே வெறும் பச்சையாகிவிடும். எல்லாக் கடைக்காரர்களும் வாசல் வரை வந்து பார்க்கச் சொல்வார்கள். அக்கா வாசலோடு விடமாட்டார். சேலையும் ரவிக்கைத் துணியுமாக வந்த பெண்களை நடுத்தெருவுக்கே இழுத்துவருவார். "இங்க வா, சூரியன்ல பாரு. ஏய், நீயும் வா, இவளுக்குப் பொருந்துதா சொல்லு." எந்த நேரமும் நான்கைந்து பெண்கள் துணியை உயர்த்திப் பிடித்து, தலையைச் சாய்த்து வாதாடிக்கொண்டு தெருவில் நிற்பார்கள். பகலிலேயே குடித்துவிட்டு வருகிறவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போனார்கள். பெண்கள் ஒதுங்கிப் போன தெருவில் முதல்முறையாக மற்றவர்கள் ஒதுங்கிப் போனதை நான் எங்கள் மாடியிலிருந்து பார்த்தேன்.

சாயங்காலங்களில் அவர் எங்களிடம் மணி கேட்பார். அந்த வழியாகப் போகும் எந்தப் பெண்ணையும் விடமாட்டார். "கண்ணு, மணி இன்னா?" நாங்கள் நின்று, கடிகாரத்தைப் பார்த்து, சத்தமாகச் சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால், "காதுல விழலியே" என்பார். அவர் தலைக்கு மேலேயே ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒருநாள் பரீட்சை சரியாக எழுதாத கோபத்தில், "பின்னாடி திரும்பிப் பாருங்களேன் அக்கா, கடிகாரம் இருக்கே," என்று சொல்லிவிட்டேன்.

"அது ஓடலேன்னு வெச்சுக்கோ."

எதிர்க் கடையிலிருந்து கரீம் பாய் கத்தினார். "அக்கா, அது நான் வித்த கடிகாரம்! நீயே ஓடலேன்னு சொன்னா என் பொழப்பு இன்னா ஆவறது?"

"நீ சும்மா இரு பாய், பெரிய மனுஷங்க பேசிக்கினு கீறோம்." பிறகு என் பக்கம் குனிந்து குரலைக் குறைத்தார். அவர் குரலைக் குறைத்துப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "தலைய குனிஞ்சிக்கினு ஓடுற பொண்ணப் பாத்தா, இவளுக்கு ஆளே இல்லேன்னு நெனச்சுக்குவானுங்க. நீ நின்னு எனக்கு மணி சொன்னா, இது நம்ம தெருப் பொண்ணுன்னு அங்க நிக்கிறவனுக்குத் தெரியும். எனக்கு எதுக்குடி மணி? நான் என் வயித்த வெச்சே மணி சொல்லுவேன்."

அக்காவைப் பற்றி எழுதும்போது அவர் நல்லவர், பொறுமைசாலி என்றெல்லாம் எழுதுவார்கள். அவர் பொறுமைசாலி இல்லை. படியில் விழுந்து கிடந்த ஒருவர் மேல் ஒரு கடைக்காரர் வாளித் தண்ணீரை ஊற்றியபோது, அக்கா அந்த வாளியைப் பிடுங்கி நடுத்தெருவில் வீசினார். விழுந்து கிடந்தவர் பூக்காரக் கன்னியம்மாவின் கணவர். கன்னியம்மா கூடையைத் தலையில் வைத்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "குடிச்சவன் மேல தண்ணி ஊத்துறே," என்று அக்கா கத்தினார். "ஊத்திக் குடுக்கறவங்கிட்ட மாசம் பொறந்தா வாடகை வாங்குறவர் மேல ஊத்தேன் பாப்போம். அவரு கூட்டத்துல முன்வரிசைல தானே ஒக்காந்துக்கினு கீறாரு?" அந்தக் கட்டடம் யாருடையது என்று நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நானும் பெயரை எழுதப்போவதில்லை. எனக்குப் பயம். ஆனால் அன்று அவ்வளவு பேர் நின்றும் ஒருவர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை. பாருக்கு எதிராகக் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் காதில் விழாதது போல் உள்ளே போனார்கள். கன்னியம்மாவும் அக்காவும் மட்டும் விழுந்து கிடந்தவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி உட்கார வைத்தார்கள்.

ஆனாலும் தெரு எழுந்தது. இதை நீங்கள் மறுக்க முடியாது. முறை நடக்க ஆரம்பித்து ஒரு வருடத்தில் மூடிக் கிடந்த கடைகள் திறந்தன. ஒரு டிபன் கடை வந்தது. ஒரு தையல் வகுப்பு வந்தது. ரயிலிலிருந்து இறங்கும் பெண்கள் காய்கறிப் பையோடு நம் தெரு வழியாக நடந்தார்கள். பார் அப்படியே இருந்தது. ஆனால் அது தெருவின் ஒரு கடையாகச் சுருங்கிவிட்டது, தெரு அதனுடையதாக இல்லை.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. நீங்கள் என்று எழுதினாலும் அதில் என் அப்பாவும் உண்டு. கூட்டம் வந்ததும் குடங்களையும் துணிகளையும் நடைபாதைக்கு இறக்கினீர்கள். நடைபாதையில் உட்கார்ந்திருந்த கன்னியம்மா இடைஞ்சலாகிவிட்டார். முக்குக்குப் போ என்று விரட்டினீர்கள். இப்போதுதான் தெரு நன்றாகிவிட்டதே, முறை எதற்கு என்று ஒவ்வொருவராக நழுவினீர்கள். போன மாதம் அக்கா எங்கள் கடை வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னதை நான் படியில் நின்று கேட்டேன். "விழுந்த மாட்ட ஊரே கூடித் தூக்கி நிறுத்துச்சு. எழுந்து நின்னவுடனே ஆளுக்கு ஒரு காலக் கட்டி இழுக்கறீங்களே நைனா." அப்பா ஒரு குடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இன்னொரு நாளையும் உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். சென்ற ஆண்டு ஊதுவத்திக் கடைத் தாத்தா இறந்தபோது எல்லாக் கடைகளையும் அடைத்தோம். அக்கா காலையில் போய் மாலை போட்டு, அந்த வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து அழுதுவிட்டு, மாலையில் வந்து கடையைத் திறந்து விளக்கைப் போட்டார். ஒரு முழம் லேஸ்கூட விற்கவில்லை. அப்பா கீழே இறங்கிப் போனார்.

"என்னக்கா, ஈவு இரக்கம் வேண்டாமா? ஒரு நா கடைய மூடுனா கொறஞ்சா போயிருவீய?"

"துக்கம் எனக்கும் கீது நைனா. அத வெளிச்சத்துல ஒக்காந்து படுறேன். ரயிலு இன்னிக்கும் வருதில்ல? அதுல பொண்ணுங்க இன்னிக்கும் வருதில்ல?"

இதைக் கேட்டவர்கள் தெருவில் பலர் இருந்தீர்கள். அவர் செத்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

அவர் இறந்த அன்று, என் எழுத்தோடு ஈரமாக இருந்த தாள்களைத் தூக்கிக்கொண்டு நான் அப்பாவுக்குப் பின்னால் போனேன். மேட்சிங் சென்டர் திறந்தே இருந்தது. காலையில் அக்கா பிரித்துப் போட்ட ஒரு மஞ்சள் துணி பலகை மேல் மடிக்காமல் கிடந்தது. அவர் கணவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அவர் அதிகம் பேசாதவர்.

"கடைய சாத்த வாணாம்னு சொல்லுவா," என்றார்.

அப்பா அவர் தோளைத் தொட்டார். "இது அவுகளுக்கு நாம செய்யுற மரியாதைங்க." அப்பா உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கொக்கிக் கம்பியை எடுத்து அவரே ஷட்டரை இழுத்து இறக்கினார். நான் அதன் மேல் பசை தடவி ஒட்டினேன்.

அன்று மாலை டியூஷனுக்குப் போனேன். தேர்வு நெருங்குகிறது, போகாமல் இருக்க முடியாது. அம்மாவும் அப்பாவும் துக்க வீட்டில் இருந்தார்கள். திரும்பும்போது மேம்பாலத்திலிருந்து பார்த்தேன். பெரிய கடைத்தெரு வழக்கம்போல் ஜொலித்தது. நம் தெரு ஒரு கறுப்புக் கோடாக இருந்தது. அதன் வாயில் மட்டும் வெளிச்சம். ஒயின் ஷாப்பில் சீரியல் பல்புகள் சிவப்பும் பச்சையுமாக எரிந்தன. அவர்கள் சங்கத்தில் இல்லை, அதனால் மூடவில்லை. தெருவிலேயே அன்று திறந்திருந்த கடை அது ஒன்றுதான்.

தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன். தலையைக் குனியக் கூடாது என்று தெரியும். ஆனால் நிமிர்ந்து யாரைப் பார்ப்பது? கொஞ்ச தூரம் போனதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேர் என்னைத் தாண்டி வந்து முன்னால் நின்றார்கள்.

"பாப்பா, மணி இன்னா?"

அக்கா கேட்கும் அதே கேள்வி. ஒருவன் கடிகாரத்தைப் பார்ப்பது போல் என் மணிக்கட்டைப் பிடித்தான். மற்றவன் சிரித்தான். நான் கையை இழுத்தேன். கடிகாரத்தின் வார் அறுந்தது. எங்கே ஓடுகிறோம் என்று தெரியாமல் ஓடி, மேட்சிங் சென்டரின் ஷட்டரை இரண்டு கையாலும் அடித்தேன். உள்ளே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும், நான்தானே அதில் அறிவிப்பு ஒட்டினேன். என் உள்ளங்கைக்குக் கீழே அந்தத் தாள் கிழிந்தது. இரும்புச் சத்தம் தெரு முழுவதும் கேட்டது. ஒரு கதவும் திறக்கவில்லை, கதவுக்குப் பின்னால் ஆள் இருந்தால்தானே.

முக்கிலிருந்து கன்னியம்மா வந்தார். விரட்டப்பட்டவர். பிணத்துக்குப் போட வந்தவர்கள் வாங்கியது போக மிஞ்சிய மாலைகளோடு அங்கேயே இருந்திருக்கிறார். "எவன்டா அது பொண்ணு கைய புடிக்கிறவன்! இருடா வரேன், மொகரையப் பேத்துடறேன்!" என்று கத்திக்கொண்டு, பூக்கத்தியை நீட்டியபடி ஓடி வந்தார். அவர்கள் சந்துக்குள் போய்விட்டார்கள். கன்னியம்மா கீழே கிடந்த கடிகாரத்தை எடுத்துக் கொடுத்து, எங்கள் வீட்டுப் படி வரை என்னோடு வந்தார்.

"வூட்ல சொல்லாத கண்ணு," என்றார். "அவனுங்கள புடிக்க மாட்டாங்க. உன் படிப்பத்தான் நிறுத்துவாங்க."

அது உண்மை. அதனால்தான் சொல்லவில்லை. கடிகாரம் ரயிலடியில் எங்கோ விழுந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அறுந்த வாரோடு அது என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. கரீம் பாயிடம் சரிசெய்யக் கொடுக்கவும் முடியவில்லை, எப்படி அறுந்தது என்று கேட்பார்.

இப்போது சங்கம் மறுபடி முடிவெடுத்திருக்கிறது. பதினாறாம் நாள் சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் படத்திறப்பு. அதற்காக நான்கு மணியிலிருந்து எல்லாக் கடைகளும் அடைப்பு. படத்தைத் திறப்பார்களாம், கடையை மூடுவார்களாம். அக்கா தெருவுக்குச் செய்த தொண்டைப் பற்றி மேடையில் பேசுவார்களாம், அந்த நேரத்தில் தெரு இருட்டாகக் கிடக்குமாம். அன்றைக்கும் எனக்கு டியூஷன் உண்டு. என்னைப் போல் ரயிலிலிருந்து இறங்கும் எத்தனையோ பேருக்கு உங்கள் தீர்மானம் தெரியாது. அவர்கள் வெளிச்சம் இருக்கும் என்று நம்பித்தான் நம் தெருவுக்குள் திரும்புவார்கள். அவரை இவ்வளவு நாள் பக்கத்திலிருந்து பார்த்த உங்களில் ஒருவருக்குக்கூடவா இது தோன்றவில்லை? கணவர் வாயைத் திறந்து சொன்ன பிறகுமா?

இந்தப் பத்தியிலிருந்து எழுத்தைச் சாய்க்காமல் எழுதுகிறேன். சாய்த்து எழுதிக் கை வலிக்கிறது. அதைவிட, பெயர் தெரியாத யாரோ எழுதியது என்றால் நீங்கள் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவீர்கள். இது யார் எழுத்து என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஷட்டரிலேயே ஒட்டியிருக்கிறது, போய்ப் பாருங்கள். அப்பா, உங்களுக்கும் தெரியும். என்னை டியூஷனிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். நான் தவறு எதுவும் செய்யவில்லை, வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.

நான் கேட்பது பெரியதில்லை. படத்திறப்பை மண்டபத்தில் வைக்காமல் தெருவில், அவர் கடை வாசலில் வையுங்கள். எல்லாக் கடைகளும் திறந்திருக்கட்டும். டியூப் லைட்டுகள் எரியட்டும். முக்கில் இருக்கும் கன்னியம்மாவை அவருடைய பழைய இடத்துக்கே கூப்பிட்டு உட்கார வையுங்கள், படத்துக்கு மாலை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பேச வேண்டியவர்கள் வெளிச்சத்தில் நின்று பேசுங்கள். முன்வரிசையில் உட்காருகிறவரும் உட்காரட்டும், எதிரில் அவருடைய கட்டடம் தெரியும்படி நாற்காலி போடுங்கள்.

அப்பா புதிய சார்ட் பேப்பர்களை நேற்றே வாங்கி வைத்துவிட்டார். நாளைக் காலையில் எழுதச் சொல்லியிருக்கிறார். நான் இப்போதே எழுதிவிட்டேன். கட்டிலுக்கு அடியில் காய்ந்துகொண்டிருக்கின்றன. பழைய அறிவிப்பில் இரண்டே இரண்டு சொற்களைத்தான் மாற்றினேன். மரகதம் அவர்களின் நினைவாக இன்று அனைத்துக் கடைகளும் திறந்திருக்கும். இப்படிக்கு என்ற இடத்தில் சங்கத்தின் பெயரைப் போட்டிருக்கிறேன். அப்பா கிழிக்கலாம். கிழித்தால் கடையில் வேறு தாள் வாங்கி வேறு யாரையாவது எழுதச் சொல்ல வேண்டும், நான் எழுத மாட்டேன்.

விடிந்ததும் பால் வாங்கப் போகும் சாக்கில் இந்தத் தாள்களைக் கரீம் பாயின் ஷட்டருக்கு அடியில் தள்ளிவிடுவேன். அவர் முதலில் படிப்பார். பாய், மலர் வரும்வரை காத்திருக்காமல் இதை முதலில் சங்கத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். இதிலிருந்து எதையும் எடுத்துவிடாதீர்கள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. அதை அந்த இரண்டு பேர் எடுத்துக்கொண்டுபோக விடமாட்டேன். நேற்று மாலை மேம்பாலப் படியில் எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் போனாள். சீருடை, முதுகில் பை, ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ. நம் தெரு தொடங்கும் இடத்துக்கு வந்ததும் அவள் தலை தானாகக் குனிந்தது, நடை வேகமானது. ஒயின் ஷாப் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கேட்பது போல் சத்தமாகக் கேட்டேன்.

"கண்ணு, மணி இன்னா?"

அவள் நின்றாள். என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு தன் கையைத் தூக்கிப் பார்த்து, நின்றிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஏழே கால், அக்கா."